செங்கோட்டைத் தொகுதி

ஆனி, ஆடி மாதங்களில் சாரலை நாடிக் குற்றாலம் வரும் நம் குடும்பங்கள் பேரருவியில் நீராடி, ஐந்தருவிக்கும் ஒருமுறை சென்று, பொழுது சாயும் வேளையில் தென்காசிக்குத் திரும்பிவிடுவது வழக்கம். தென்காசிக்கு மேற்கே ஐந்து மைல் அளவே உள்ள செங்கோட்டையை ரயில் நிலையத்தின் பெயராகவும் வாஞ்சிநாதன் பிறந்த ஊராகவும் அறிந்தவர் பலர். ஆனால் 1956 அக்டோபர் 31 வரை தென்காசியும் குற்றாலமும் ஓர் ஆட்சியிலும் செங்கோட்டை வேறோர் ஆட்சியிலும் இருந்தன என்பதை நம் இளைய தலைமுறையினருள் அறிந்தவர் மிகச் சிலரே. செங்கோட்டை மக்கள் தம் பிரதிநிதியைச் சென்னைக்கு அனுப்பவில்லை. மலையைக் கடந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் எதற்காக? அந்தச் சபையின் ஆட்சியிலிருந்து தங்களை விடுவித்துக் கொள்வதற்காக! விடுதலை கிடைத்த அன்றே அந்தத் தொகுதியும் மறைந்தது. அதன் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுகிறோம்.

தேர்தல் வரலாறு என்றாலே நம் ஏடுகளில் 1906ஆம் ஆண்டின் சிம்லா தூதுக்குழுவும், 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தமும், முஸ்லிம்களுக்கான தனித்தொகுதிகளும், அரசியல் நிர்ணய சபையில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்கள் நடத்திய வாதமும் பேசப்படும். பேசப்பட வேண்டியவைதாம். ஆயினும் அதே காலத்தில், தனித்தொகுதி என்ற ஏற்பாட்டின் துணையின்றி, தமிழ் பேசும் மக்களோடு மக்களாக நின்று நம்மவர்கள் பங்குகொண்ட ஒரு தேர்தல் போராட்டமும் நடந்தது. அது நம் எழுத்தில் இடம் பெறாமலே போய்விட்டது. நமக்கே இது ஒரு குறையாகத் தோன்றுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் ஒரு வாசல் போன்றது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே புகுந்துதான் குற்றாலத்தில் சாரலாகப் பொழிகிறது. திருவிதாங்கூர் அரசின் அதிகாரமும் அதே வாசல் வழியே கிழக்கே இறங்கி வந்து, பாண்டிச் சீமையின் சமவெளியில் ஒரு தாலுக்காவைத் தன்னிடம் வைத்திருந்தது. செங்கோட்டைத் தாலுக்காவின் வயல்களும் குளங்களும் மலைக்குக் கிழக்கே இருந்தன. அதன் ஜில்லாத் தலைநகரோ மலைக்கு மேற்கே, கடற்கரையில், கொல்லத்தில் இருந்தது. 1904ஆம் ஆண்டில் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒரு வழக்குக்காகவோ விண்ணப்பத்துக்காகவோ கொல்லம் செல்ல வேண்டியவர் காடும் மேடும் கடந்தே சென்றிருக்க வேண்டும்.

தென்காசிச் சந்தையில் பிரிட்டிஷ் ரூபாய். செங்கோட்டையில் சக்கரமும் பணமும். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பது கணக்கு. நாணயம் வேறு, தீர்வை வேறு, சட்டம் வேறு. ஆனால் பேச்சு ஒன்று, உழவு ஒன்று, உறவும் ஒன்று. மருமகள் வந்த ஊர் ஒரு ராஜ்யம், அவள் பிறந்த ஊர் இன்னொரு ராஜ்யம் என்பது இப்பக்கத்துக் குடும்பங்களில் வியப்புக்குரிய செய்தியன்று. அச்சன்புதூர், வடகரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கும் தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்களுக்கும் இடையே கொண்டும் கொடுத்தும் வந்த உறவை எந்த எல்லைக் கல்லும் நிறுத்திவிடவில்லை.

இங்கே ஒரு பெரியாரை நினைவுகூர விரும்புகிறோம். ஞானி பீர் முகம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்தவர்கள், அடங்கியிருப்பதோ தக்கலையில். தக்கலை பின்னாளில் திருவிதாங்கூரின் கல்குளம் தாலுக்காவில் அடங்கிய ஊர். அவர்கள் இயற்றிய ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் தக்கலையில் விடிய விடியப் பாடப்பட்டு வருகிறது. பாடப்படுவது தமிழில். பாண்டி நாட்டில் பிறந்தவர் சேர நாட்டுப் பக்கம் சென்று வாழ்ந்து தமிழில் ஞானம் உரைத்தார் என்றால், அந்த நிலம் முழுவதும் தமிழ் வழங்கும் நிலமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? பின்னர் எழுந்த எல்லை வழக்கில் ஆயிரம் புள்ளிவிவரங்கள் காட்டப்பட்டன. இந்தச் சாட்சியை யாரேனும் காட்டியிருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம்.

இனி வாக்குரிமைக்கு வருவோம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1888ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டசபை அமைந்தது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூட்டப்பட்டது. இவற்றால் சமஸ்தானம் பெரும் பெயர் பெற்றது உண்மை. ஆனால் வாக்குரிமை நிலவரி செலுத்துவோரையும் அவர்களைப் போன்ற சிலரையும் சுற்றியே நின்றது. 1932ஆம் ஆண்டின் சீர்திருத்தம் தங்களுக்கு நீதி செய்யவில்லை என்று ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒன்றுகூடித் தேர்தலைப் புறக்கணித்தார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று அதற்குப் பெயர். அதன் பயனாக 1936ஆம் ஆண்டில் ஈழவர், முஸ்லிம், லத்தீன் கிறிஸ்தவர் ஆகியோருக்குச் சட்டசபையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. கேட்டால்தான் கிடைக்கும் என்ற பாடத்தைத் திருவிதாங்கூர் முஸ்லிம்கள் அப்போதே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மலைக்கு இப்பால் தென்காசியில் நிலைமை வேறு. 1935ஆம் ஆண்டின் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 28 இடங்கள் முஸ்லிம்களுக்கு உரியவை. அந்த இடங்களுக்கு முஸ்லிம்கள் மட்டுமே நின்றார்கள். முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்தார்கள். ஆனால் எல்லா முஸ்லிம்களுமா வாக்களித்தார்கள்? வரி கட்டியவர், சொத்துடையவர், கல்வித் தகுதி பெற்றவர் என்று வடிகட்டிய பட்டியல் அது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் மக்கள் தொகையில் ஏழில் ஒருவருக்கு மேல் அந்தச் சட்டம் வாக்குரிமை வழங்கவில்லை. தென்காசியில் கூலிக்கு நெய்த நெசவாளிக்கும் அவர் மனைவிக்கும் அந்தப் பட்டியலில் இடம் ஏது?

இந்த நிலையில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. தனி நாடாகப் போவதாக 1947இல் அறிவித்த திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அந்த ஆண்டு ஜூலையில் தாக்குண்டு, பின்னர் பதவி துறந்து சென்றார். பொறுப்பாட்சி வழங்கப்பட்டது. 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் திருவிதாங்கூரில் பொதுத் தேர்தல் நடந்தது. தென்காசியில் வயது வந்தோர் யாவரும் வாக்களிக்க 1952ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து மைல் தொலைவில் இருந்த செங்கோட்டையில், படியாத உழவரும் பர்தா அணிந்த நம் பெண்மக்களும் நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே வாக்காளர்கள் ஆனார்கள். பின்தங்கிய மன்னராட்சி என்று நாம் நினைப்பதற்கும் நடந்ததற்கும் எவ்வளவு தூரம்!

அந்தத் தேர்தலில் ஒரு புதிய கட்சி களம் கண்டது. திருவிதாங்கூரின் தமிழர்கள் 1945ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலில் கூடித் தொடங்கிய அமைப்பு அது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயரால் நிலைபெற்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு முதலிய தமிழ்த் தாலுக்காக்களைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. தலைவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் நேசமணி; மார்ஷல் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். தாணுலிங்க நாடார், சிதம்பரநாத நாடார் ஆகியோர் அவருடன் நின்றார்கள். அவர்களோடு தோளுக்குத் தோள் நின்றவர் மர்ஹூம் ஏ. அப்துல் ரசாக் அவர்கள். நேசமணி மக்களவையில் எழுப்பிய குரலை மாநிலங்களவையில் எழுப்பியவர் இவரே. கன்னியாகுமரி மாவட்டத்து எல்லைப் போராட்ட வரலாற்றில் இவர் பெயர் உண்டு. முஸ்லிம் பெருமக்களின் வரலாறு என்று நாம் தொகுக்கும் நூல்களில் அந்தப் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1948 தேர்தலின்போதே இரத்தம் சிந்தியது. தேவசகாயம், செல்லையா என்னும் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். தேர்தல் முடிவில் 120 இடங்களில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பெற்றது. மொத்தக் கணக்கில் அது சிறிய எண். ஆனால் தமிழ் வழங்கும் தாலுக்காக்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மக்களின் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றி விளங்கிற்று.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. செங்கோட்டைக்கு இது நன்மை செய்யவில்லை. உயர்நீதிமன்றம் திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு மாறியது. செங்கோட்டைக் குடியானவர் ஒருவர் வரப்புத் தகராறு ஒன்றில் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் மலையைத் தாண்டி, கொல்லத்தையும் தாண்டி, வடக்கே எர்ணாகுளம் வரை செல்ல வேண்டும். எதிரே தென்காசி முன்சீப் கோர்ட்டு இருக்கிறது, ஆனால் அது அயல் மாநிலம். சர்க்கார் காரியங்களில் மலையாளம் மேலோங்கிற்று. தமக்கு வந்த தாக்கீதைப் பிறரிடம் கொடுத்துப் படித்துக் கேட்கும் நிலை எவருக்கும் இன்பம் தராது. பெருந்தலைவர்கள் மேடையில் பேசிய மொழிப்பற்றை விட, இந்த அன்றாடத் தொல்லைதான் வாக்குச் சாவடிக்கு மக்களை அழைத்து வந்தது என்பது நம் கருத்து.

திரு-கொச்சி சட்டசபைக்கு முதல் பொதுத் தேர்தல் 1951 இறுதியிலும் 1952 தொடக்கத்திலுமாக நடந்தது. மொத்தம் 108 இடங்கள். செங்கோட்டை ஒரு தொகுதி. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் சார்பில் நின்று வென்றவர் கே. சட்டநாத கரையாளர். இந்தத் தேர்தலில் தனிப்பட்டியல் கிடையாது; ஊருக்கு ஒரே வாக்காளர் பட்டியல். முஸ்லிம் வாக்கு இவ்வளவு, இந்து வாக்கு இவ்வளவு என்று பிரித்து எண்ணுவதற்கு வழியே இல்லை. ஒரே பெட்டி, ஒரே எண்ணிக்கை. தனித்தொகுதி போனால் நம் குரல் போய்விடும் என்று அரசியல் நிர்ணய சபையில் ஜனாப் போக்கர் சாகிபும் காயிதே மில்லத்தும் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பின்வந்த பல தேர்தல்கள் அதை மெய்ப்பித்தும் இருக்கின்றன. ஆனால் செங்கோட்டையில் முஸ்லிம் வாக்காளர் முன் நின்ற கேள்வி வேறு. எந்த மொழியில் தாக்கீது வர வேண்டும், எந்த ஊர்க் கோர்ட்டில் நீதி கேட்க வேண்டும் என்ற கேள்வி அது. அதற்கு அவர் அண்டை வீட்டாரோடு ஒரே வரிசையில் நின்று விடை கூறினார்.

காயிதே மில்லத் அவர்களுக்கும் இந்தக் கேள்வி அயலானதன்று. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர்கள் 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதத்தின்போது தமிழின் தொன்மையை எடுத்துரைத்துத் தமிழுக்காக வாதாடினார்கள். அதற்கும் முன்னர், ராஜாஜி ஆட்சியில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது, சென்னைச் சட்டசபையில் ராவுத்தர் குடும்பத்தவரான கான்பகதூர் கலிபுல்லா சாகிப் அதை எதிர்த்து நின்று தம் தாய்மொழி தமிழ் என்று முழங்கினார்.

1952 தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்குக் கிடைத்தவை 8 இடங்கள், காங்கிரசுக்கு 44. தனித்து ஆள 55 வேண்டும். ஆகவே ஏ. ஜே. ஜான் தலைமையில் அமைந்த அமைச்சரவை தமிழர்களின் ஆதரவை நாடிற்று. சிதம்பரநாத நாடார் அமைச்சரானார். 1953இல் தமிழர்கள் ஆதரவை விலக்கிக் கொண்டார்கள், அமைச்சரவை கவிழ்ந்தது. எட்டுப் பேர் ஓர் ஆட்சியைக் கலைத்த செய்தி திருவனந்தபுரத்தில் எத்தகைய அதிர்ச்சியை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உலக வரலாற்றில் இதற்கு ஓர் உவமை உண்டு. அயர்லாந்து 1801 முதல் தன் பிரதிநிதிகளை லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வந்தது. 1885ஆம் ஆண்டுத் தேர்தலில் பார்னல் தலைமையில் 86 பேர் வென்று, இரண்டு பெரிய ஆங்கிலக் கட்சிகளுக்கும் நடுவே தராசின் முள்ளாக நின்றார்கள். அடுத்த ஆண்டே கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி மசோதாவைக் கொண்டுவந்தார், அது தோற்றது. 1918ஆம் ஆண்டில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73 இடங்களை வென்ற சின் பேன் கட்சியினர் லண்டனுக்குப் போகவே மறுத்து டப்ளினில் தனிச் சபை கூட்டினார்கள். 1922இல் சுதந்திர அயர்லாந்து பிறந்தது. வடக்கே ஆறு மாவட்டங்கள் மட்டும் பிரிட்டனோடு நின்றன. தெற்கில் இருந்த பழைய தொகுதிகள் லண்டன் பட்டியலிலிருந்து மறைந்தன. நம் செங்கோட்டைக்காரர்கள் பார்னலின் வழியை மேற்கொண்டார்களே தவிரச் சபையைப் புறக்கணிக்கவில்லை. அங்கே போனார்கள், அமர்ந்தார்கள், எண்ணிக்கையைக் கொண்டு பேரம் பேசினார்கள். பேரம் என்ற சொல்லை இழிவாகக் கொள்ள வேண்டாம். சிறுபான்மையினரின் கையில் உள்ள கருவி பல வேளைகளில் அது ஒன்றே.

1954ஆம் ஆண்டில் மீண்டும் தேர்தல். மொத்தம் 117 இடங்கள். இம்முறை தமிழர்கள் 12 இடங்களைக் கைப்பற்றினார்கள். செங்கோட்டையில் கரையாளர் இரண்டாம் முறையும் வென்றார். காங்கிரஸ் 45 இடங்களோடு பெரிய கட்சியாக இருந்தும் ஆட்சி அமைக்கவில்லை. 19 இடங்களே பெற்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை காங்கிரஸ் ஆதரவோடு முதலமைச்சரானார். தமிழர் கோரிக்கையிடம் அவர் காட்டிய கடுமை முன்னைய ஆட்சியினும் மிகுந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் தேவிகுளம், பீருமேடு தோட்டத் தொழிலாளரின் துயரைக் கேட்டு, தடையை மீறி மூணாறு சென்ற நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாத நாடார் ஆகியோர் கைது செய்யப்பட்டார்கள். தெற்கே கிளர்ச்சி மூண்டது. ஆகஸ்ட் 11ஆம் நாள் விடுதலை நாள் என்று அறிவிக்கப்பட்டது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டார்கள். உயிர்கள் பல போயின. ஒரு சோஷலிஸ்ட் ஆட்சி மக்களைச் சுட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்திருக்கலாமா என்று அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார்; பதவி விலகச் சொன்னார். கட்சித் தலைமை அதற்கு உடன்படவில்லை. மார்த்தாண்டத்தில் பாய்ந்த குண்டு டில்லியில் ஒரு கட்சியையே பிளந்தது. லோகியா தனிக் கட்சி கண்டார். பட்டத்தின் ஆட்சியும் 1955 பிப்ரவரியில் வீழ்ந்தது.

இதற்கிடையே மத்திய சர்க்கார் மாநில சீரமைப்புக் கமிஷனை நியமித்திருந்தது. அதன் தலைவர் நீதிபதி சையத் பசல் அலி. உறுப்பினர்கள் குன்ஸ்ரு, பணிக்கர். 1955 செப்டம்பர் 30ஆம் நாள் அறிக்கை தரப்பட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுக்காக்களும் சென்னைக்கு உரியவை என்று கமிஷன் கூறிற்று. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மையினர்; ஆயினும் அங்குள்ளவர்கள் தோட்டங்களுக்கு வந்து போகும் தொழிலாளர் என்ற காரணம் காட்டப்பட்டது. தேவிகுளமும் பீருமேடும் கிடைக்கவில்லை. தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவரை வந்து போகிறவர் என்று சொன்னது நியாயம்தானா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இலங்கை மலையகத் தமிழருக்கு 1948இல் நேர்ந்ததை அறிந்த எவரும் இந்த வாதத்தைக் கேட்டதும் திடுக்கிடாமல் இருக்க முடியாது.

திருவனந்தபுரத்தில் அப்போது பனம்பிள்ளி கோவிந்த மேனோன் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. தமிழ்த் தாலுக்காக்களை விட்டுக்கொடுப்பதை எதிர்த்து காங்கிரஸ் உறுப்பினர் அறுவர் வெளியேறினர். 1956 மார்ச்சில் அந்த ஆட்சியும் கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஜான், பட்டம், பனம்பிள்ளி என மூன்று அமைச்சரவைகள் நான்கு ஆண்டுக்குள் சரிந்தன. மூன்றிலும் தமிழ்த் தாலுக்காக்களின் கேள்வி கலந்திருந்தது.

1956 நவம்பர் 1. தென் தாலுக்காக்கள் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆனால் முழுச் செங்கோட்டை வரவில்லை. கமிஷன் தாலுக்காவைத் தருமாறு சொல்லிற்று. சட்டம் தாலுக்காவைப் பிளந்து தந்தது. ஊர்களும் வயல்களும் இப்பக்கம் வந்தன. ஆரியங்காவு முதலான மேற்குக் காட்டுப் பகுதி கேரளத்தில் தங்கியது. மொழியை அளவுகோலாகக் கொண்டு தொடங்கிய வழக்கு கடைசியில் மலை முகட்டை அளவுகோலாகக் கொண்டு முடிந்தது. காட்டின் மதிப்பை அறிந்தவர்கள் பேசித் தீர்த்துக் கொண்டார்கள். வாக்களித்தவர்களை யாரும் மறுபடி கேட்கவில்லை. மலைக்கு அப்பால் புனலூர், பத்தனாபுரம் பக்கங்களில் வாழும் ராவுத்தர் குடும்பங்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள்; இன்று பேரப்பிள்ளைகள் மலையாளத்தில் படித்து மலையாளத்தில் எழுதுகிறார்கள். அவர்களை இழந்தோம் என்று சொல்வது மிகை. ஆனால் மணப்பந்தலில் சந்தித்துக்கொண்டால் இரு தரப்பாரும் சொல் தேடத்தான் செய்கிறார்கள்.

அந்த நாள் நமக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானது. செங்கோட்டை சென்னை மாநிலத்துக்குள் வந்த அதே நாளில் மலபார் வெளியே சென்றது. மலபார் அன்றி முஸ்லிம் லீகுக்குச் சென்னை மாநிலத்தில் என்ன வலு இருந்தது? 1952இல் போக்கர் சாகிப் மலப்புரத்திலிருந்து மக்களவைக்குச் சென்றபோது அது சென்னை மாநிலத் தொகுதி. 1956க்குப் பின் அந்த மண் கேரளம். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, தமிழுக்காக வாதாடிய காயிதே மில்லத் அவர்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது மஞ்சேரியிலிருந்து. மலையாள நாட்டு முஸ்லிம்கள் ஒரு தமிழரை மும்முறை தேர்ந்தெடுத்த பெருந்தன்மையை நாம் மறக்கலாகாது. ஆயினும் ஒரு தமிழ்த் தொகுதி அவர்களை அனுப்பியிருக்கக் கூடாதா என்ற ஏக்கமும் எழாமல் இல்லை.

செங்கோட்டைத் தொகுதியின் கதை முடிந்தாலும் அதன் உறுப்பினரின் கதை முடியவில்லை. நேசமணியின் கட்சி தன் நோக்கம் நிறைவேறியதும் கலைந்து காங்கிரசில் கலந்தது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் சட்டநாத கரையாளர் தென்காசித் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்று, சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். திருவனந்தபுரத்துக்கு இருமுறை சென்றவர், எந்தச் சபையை நாடிப் போராடினாரோ அந்தச் சபைக்கு எந்தப் பெரிய கட்சியின் கைத்தாங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தார். கேரளத்தில் அதே ஆண்டு 126 இடங்களில் 60 இடங்களை வென்ற கம்யூனிஸ்டுகள் ஏப்ரல் 5ஆம் நாள் ஆட்சி அமைத்தார்கள். அந்தச் சபையில் தராசின் முள்ளாக நிற்கத் திருவிதாங்கூர் தமிழர் கட்சி ஒன்று இருக்கவில்லை.

2008ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பில் செங்கோட்டைத் தாலுக்கா கடையநல்லூர்த் தொகுதியில் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொகுதியில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் வேட்பாளர் கே. ஏ. எம். முகம்மது அபூபக்கர் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2021இல் அதை இழந்தார். தனித்தொகுதி இல்லாத பொதுப் பட்டியலில், பல சமூகத்தாரும் வாக்களித்து, லீகின் உறுப்பினர் ஒருவரை அந்த மண் கோட்டைக்கு அனுப்பியது. 1949இல் நடந்த விவாதத்துக்கு இது விடை என்று நாம் சொல்ல மாட்டோம். ஒரு தேர்தலில் வந்தது மறு தேர்தலில் போயிற்று. ஆனால் 1952இல் அந்த ஊர்களில் தொடங்கிய ஒரே வரிசைப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவும் இதைக் காணலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டையும் அதில் அடங்கியது. ஒரு காலத்தில் வெளிநாடாக இருந்த தென்காசி இப்போது அதன் மாவட்டத் தலைநகர்.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிச் செங்கோட்டையில் கொல்லம் செல்லும் ரயில் ஏற வேண்டுகிறோம். மீட்டர் கேஜ் காலத்தில் 2010இல் நிறுத்தப்பட்ட அந்தப் பாதை அகலப்படுத்தப்பட்டு 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. செங்கோட்டையை விட்டால் வயல்களின் நடுவே பகவதிபுரம். தமிழ்நாட்டின் கடைசி நிலையம் அது. பின்னர் வண்டி ஒரு நீண்ட குகைக்குள் நுழைகிறது; பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். இருள் விலகியதும் ஈரக் காடு, மலையாளத்தில் பெயர்ப்பலகை, ஆரியங்காவு. 1954இல் கரையாளருக்கு வாக்களித்துவிட்டு மக்கள் வீடு திரும்பிய நாளில் அந்தக் குகையின் இரு வாய்களும் ஒரே தாலுக்காவில் இருந்தன.